சப்ளையர் சொன்ன சரி

கோர்ட்டுக் கூண்டில் ஏறியதும் சப்ளையர் செய்த முதல் காரியம், அதன் மரச்சட்டத்தை உள்ளங்கையால் துடைத்ததுதான். ஹோட்டலில் மேஜை துடைத்தே பழகிய கை, சும்மா இருக்குமா? வாய்க்கும் ஒரு பழக்கம் இருந்தது. யார் எது சொன்னாலும் "சரிங்க" என்றுவிடும். டீ ஆறிப்போச்சு என்றாலும் சரிங்க, நாற்காலி ஆடுது என்றாலும் சரிங்க. சாப்பிட வந்தவரின் செல்போனை நீதான் எடுத்தாய் என்று போலீஸ் மிரட்டியபோதும் அதையே சொல்லித் தொலைத்தது. எடுத்தது யாரென்று அவருக்குச் சத்தியமாகத் தெரியாது.

மச்சான் வேறு வாசலிலேயே ஓதி அனுப்பியிருந்தார். "ஒத்துக்கிட்டா அபராதத்தோட போயிடும் மாப்ளே. இல்லேன்னா வருஷக்கணக்கா இழுப்பாங்க. பேசாம தலையாட்டிட்டு வா."

நீதிபதி அம்மா குற்றச்சாட்டை வாசித்தார். மூச்சு முட்டும் நீளத்தில் ஒரே வாக்கியம். பிறகு தாளைக் கீழே வைத்துவிட்டு அதையே சாதாரணப் பேச்சில் சொன்னார். "இதை ஒத்துக்கிறீங்களா?"

"சரிங்கம்மா."

டைப்பிஸ்டின் விரல் இறங்குவதற்குள் நீதிபதி கையை உயர்த்தினார். "எதுக்குச் சரி சொன்னீங்க?"

"நீங்க சொன்னீங்களே, அதுக்குங்கம்மா."

யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. "ஒத்துக்கிட்டா ஜெயிலுக்கும் அனுப்பலாம், தெரியுமா? ஒத்துக்கணும்னு கட்டாயமே இல்லை. நிரூபிக்க வேண்டியது போலீஸ் பாடு. வக்கீல் இருக்காங்களா? கேஸ் பேப்பர் நகல் குடுத்தாங்களா?"

இரண்டும் இல்லை. அரசு வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார். சப்ளையருக்கோ பயம் விலகி ஆச்சரியம் பிடித்துக்கொண்டது. பிடித்தாயிற்று, எழுதியாயிற்று, இனி என்னத்தைக் கேட்கிறார்கள்? தன் ஒரு சொல்லுக்காக ஓர் அறையே காத்திருப்பது வேடிக்கையாகவும் கூச்சமாகவும் இருந்தது. பின்வரிசையில் மச்சான் தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டிக் காட்டினார்.

"மறுபடி கேக்கறேன். ஒத்துக்கிறீங்களா?"

"இல்லீங்கம்மா."

தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகம். மச்சான் தலையில் அடித்துக்கொண்டார். இலவச சட்ட உதவியில் ஒரு வக்கீலும், கேஸ் நகலும் கொடுத்த பிறகே வழக்கு மேலே நடக்கும் என்று நீதிபதி உத்தரவிட்டார்.

வராந்தா பெஞ்சுக்கு ஒரு பெண் வக்கீல் வந்ததும் சப்ளையர் சட்டென்று எழுந்து நின்றார். "உட்காருங்கண்ணே" என்று பக்கத்தில் உட்கார வைத்தார் அவர். "அன்னைக்கு என்ன நடந்துச்சு? முதல்லேருந்து சொல்லுங்க."

பிடித்த நாளிலிருந்து ஒருத்தரும் இதைக் கேட்டதில்லை. மச்சான்கூட. சப்ளையரின் உள்ளங்கை பெஞ்சை ஒரு தடவை துடைத்தது. வக்கீல் பேனா மூடியைக் கழற்றிவிட்டு, அவசரமே இல்லாமல் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.