அடுப்புக்கு இந்தப் பக்கம்

காது மிஷின் வந்தது ஊமைச்சிக்குக் கெட்ட சேதி.

மற்றவர்களுக்கு அது நல்ல சேதி. காது ஆஸ்பத்திரி நர்ஸம்மா, வெளுத்த கோட்டுகளை வாங்கிப் போக வந்தவள், சின்ன டப்பா ஒன்றை இஸ்திரி மேஜைமேல் வைத்தாள். பெரிய டாக்டர் கொடுத்தனுப்பியது, பழசுதான், ஆனாலும் நன்றாக வேலை செய்யும் என்று வாயும் கையுமாகச் சொல்லிவிட்டு, சலவைக்காரியின் வலது காதில் அதைப் பொருத்தித் திருகினாள். சலவைக்காரி முதலில் முகத்தைச் சுளித்தாள். அப்புறம் கண்ணை அகல விரித்தாள். குழாய் சொட்டுவது கேட்டது. துணிக்குப் போடும் கஞ்சி அடுப்பில் கொதிப்பது கேட்டது. பக்கத்துக் கடையில் டீக்காரர் யாரையோ வைதுகொண்டிருந்தது கேட்டது.

"அடப்பாவி, இவ்வளவு கெட்ட வார்த்தையா பேசுறான் இந்த ஆளு? என்னைப் பார்த்து வாயசைக்கும்போதெல்லாம் வணக்கம் சொல்றான்னு நினைச்சு நானும் கும்பிட்டுக்கிட்டிருந்தேனே!"

நர்ஸம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். சலவைக்காரி திரும்பி, கொட்டகையின் பின்பக்கம் துணிக்கொடிகளுக்கு நடுவில் நின்ற பெண்ணைப் பார்த்தாள். சலவைக்காரியின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் வந்து யாரும் பார்த்ததில்லை.

"ஏய், வாடி இங்கே. பேசு. எதையாவது பேசு."

ஊமைச்சி ஈரப் போர்வைக்குப் பின்னால் போய் நின்று வாயை இறுக மூடிக்கொண்டாள்.

அவள் ஊமை இல்லை. அது பஸ் நிலையத்துக்காரர்கள் வைத்த பெயர். அவளைப் பெற்றவள் ஒரு கடல்மோகினி. அப்பா படகு மோட்டார் ரிப்பேர் செய்தவர். கரைக்கு வந்து அவரோடு குடித்தனம் நடத்திய மோகினி ஒரு நாள் தண்ணீருக்குத் திரும்பினாள். அவள் பாட்டைக் கேட்டுக்கொண்டே அப்பாவும் பின்னால் நடந்து போனார். இதைச் சொன்னது சித்தப்பா. அவர் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டே அண்ணன் மகளைக் கொஞ்ச காலம் வளர்த்தார். தூக்கத்தில் பஞ்சு ஒரு முறை நழுவிவிட்டது. மறுநாளே அவளை பஸ் நிலையத்தில் உட்காரவைத்து, பிஸ்கட் வாங்கி வருகிறேன் என்று போனவர், போனவர்தான்.

பெற்றவள் பாட நினைத்தால் பாடுவாள், நிறுத்த நினைத்தால் நிறுத்துவாள். மகளுக்கு அதில் பாதிதான் வந்து சேர்ந்தது. கடிவாளம் இருந்த பாதி வரவில்லை. அவள் குரல் யார் காதில் விழுந்தாலும் அவர்கள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அவளை நோக்கி வருவார்கள். நேர்கோட்டில் வருவார்கள். வழியில் சுவர் இருந்தால் சுவரில் முட்டுவார்கள், பள்ளம் இருந்தால் பள்ளத்தில் விழுவார்கள். அவள் வாயை மூடினால் நின்ற இடத்தில் நட்டுவைத்த கம்பம்போல நிற்பார்கள். யாராவது பிடித்து உலுக்கினால்தான் சுயநினைவு வரும்.

ஒரு நாள் பஸ் நிலையத்து பெஞ்சுக்கு அடியில் தூங்கியவள், தூக்கத்தில் ஏதோ உளறினாள். கிளம்பிய பஸ்ஸின் டிரைவர், ஓடுகிற வண்டியிலிருந்து இறங்கி, ஜூஸ் கடையின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு அவளிடம் வந்தார். டிரைவர் இல்லாத பஸ் டிக்கெட் அறைச் சுவரில் மோதியது. சத்தத்தில் விழித்துக்கொண்டவள் கண்டது, முகமெல்லாம் ரத்தத்தோடு தன் தலைமாட்டில் சிரித்தபடி நின்ற ஒரு மனிதரை. அன்றிலிருந்து வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் படுப்பாள். பகலில் அடித்தாலும் கத்தமாட்டாள். பசித்தால் கையை நீட்டுவாள். குப்பைத் தொட்டிக்கு நாயோடு போட்டி வந்தால் கல்லை எடுப்பாள். வாயைத் திறந்தால் நாயும் வரும், நாயை ஓட்ட வந்தவனும் வருவான்.

ஒரு மழை நாளில் இந்தச் சலவைக் கொட்டகைக்குள் ஒண்டினாள். உள்ளே ஒரு பெண்பிள்ளை முதுகைக் காட்டிக்கொண்டு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பயத்தில் இவள் வாய் தவறி, "நான் போயிடறேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்னதும் உயிரே போய்விட்டது. ஆனால் அந்த முதுகு அசையவில்லை. பெட்டி சட்டையின்மேல் போய்வந்துகொண்டே இருந்தது. தன் குரல் எட்டும் தூரத்தில் ஒரு ஆள், தன் வேலையைப் பார்த்துக்கொண்டு! ஊமைச்சி மலைத்துப்போய் நின்றாள். அப்புறம் சலவைக்காரி தற்செயலாகத் திரும்பினாள், நனைந்த பெண்ணைக் கண்டாள், பெட்டியை ஓரமாக வைத்தாள், குவிந்து கிடந்த துணிமூட்டைகளைச் சுற்றிக்கொண்டு வந்து ஒரு துண்டை அவள் தலையில் போட்டாள். தன்னிடம் தானாக நடந்து வந்த முதல் ஆளை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

சலவைக்காரிக்குக் கலியாணமான புதிதில் வந்த காய்ச்சல் காதைக் கொண்டுபோயிருந்தது. பேச்சு மட்டும் சத்தமாக இருந்தது. "என்னைப் பெரியம்மான்னு கூப்பிடு. காதுல விழாது, அதனால என்ன, கூப்பிடு" என்றாள். உதட்டைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொள்வாள். துணி காயவைக்கும் மோட்டார் ஓடும்போது அதன் இரைச்சல் தெருவை அடைத்துக்கொள்ளும். அப்போதுதான் ஊமைச்சி வாயைத் திறந்து பாடுவாள். தாய் பாடியதா, தானே கட்டியதா, அவளுக்கே தெரியாது. பெரியம்மா மேஜையிலிருந்து அந்த உதட்டைப் பார்த்துக்கொண்டே பெட்டி தேய்ப்பாள்.

தன் குரலைப் பற்றி ஒரு தடவை அவள் வாயசைத்துச் சொல்லியும் பார்த்திருந்தாள். என் குரலைக் கேட்டால் எல்லாரும் என் பின்னாலேயே வந்துவிடுவார்கள் என்று. பெரியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இந்த வயசுல எல்லாப் பொண்ணும் அப்படித்தான்டி நினைக்குது."

இப்போது அந்தக் காதுக்கு மிஷின் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்தது ஒரு மௌன யுத்தம். ஊமைச்சி மோட்டார் ஓடும்போதும் பாடவில்லை. உதட்டைக்கூட அசைக்கப் பயந்தாள். எங்கே பழக்கத்தில் காற்றும் சேர்ந்து வந்துவிடுமோ! எல்லாவற்றுக்கும் கைதான். ராத்திரி வாயில் துணி. பெரியம்மா முதலில் கெஞ்சினாள், அப்புறம் கேலி செய்தாள், அப்புறம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"செவிடிகிட்ட வாய் ஓயாம பாடினே. காது வந்ததும் மகாராணிக்கு வாய் வலிக்குதா?"

ஊமைச்சி மிஷினைக் காட்டினாள், தன் தொண்டையைக் காட்டினாள், கையை வெட்டுவதுபோல அசைத்தாள்.

"தெரியும் தெரியும், பெரிய மோகினி. டீக்காரன் வாயைவிடவா உன் வாய் மோசம்? அதையே கேட்டுட்டேன், இதைக் கேட்கமாட்டேனா?"

சிரிக்கிற மாதிரி சொன்னாலும் கண் கலங்கியிருந்தது. ஊமைச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெரியம்மாவும் ஒரு நாள் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வருவாள். வந்து, அந்த டிரைவரைப்போல ஒன்றுமில்லாத சிரிப்போடு நிற்பாள். உயிர் பிழைத்தாலும்கூட, அதற்கப்புறம் அவள் துண்டு கொண்டு வந்தாலும் சோறு கொண்டு வந்தாலும், அது தானாக வந்ததா, குரல் இழுத்து வந்ததா என்று யார் சொல்வது? உலகத்தில் இருந்த ஒரே ஒரு தானாக வந்த ஆள். அந்த ஆளைத் தொலைத்துவிட்டு இங்கே இருப்பதைவிட பஸ் நிலையத்து பெஞ்சுக்கு அடியே மேல்.

இரண்டு உடுப்பை ஒரு பழைய தலையணை உறையில் திணித்து, சோப்புப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள்.

மறுநாள் மத்தியானம், மோட்டார் நின்றிருந்த நேரம். தெருப்பக்கத்து ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. ஊமைச்சி பின்பக்கம் போர்வைகளைக் கொடியிலிருந்து உருவிக்கொண்டிருந்தாள். நடுவில் அடுப்பும், அதன்மேல் தளதளவென்று கொதிக்கும் கஞ்சி அண்டாவும். முன்பக்கம் மேஜையருகே பெரியம்மா குனிந்து சோப்பு எடுத்தாள். நிமிர்ந்தபோது அவள் கையில் தலையணை உறை இருந்தது.

அவள் ஒன்றும் கேட்கவில்லை. உறையை மேஜைமேல் வைத்தாள். முதுகைத் திருப்பிக்கொண்டு, கரி இஸ்திரிப் பெட்டியின் மூடியைத் திறந்து, நெருப்புக் கங்குகளை வேண்டுமென்றே நெடுநேரம் ஊதினாள். தோளில் கிடந்த சால்வை வழுக்கி, அதன் நுனி கங்கின்மேல் விழுந்தது.

முதலில் ஒரு இழை புகை. பெரியம்மா அதைப் பார்க்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஊமைச்சி கரண்டியை எடுத்து அண்டாவில் ஓங்கித் தட்டினாள்.

"தட்டாதே," என்றாள் பெரியம்மா, திரும்பாமலே. "பாத்திரத்தோட எனக்கு என்ன பேச்சு? போறவ வாயைத் திறந்து சொல்லிட்டுப் போ."

புகை நெருப்பாகியது. ஊமைச்சி ஓடினாள். கீழே சிந்திக் கிடந்த கஞ்சியில் கால் வழுக்கி, முழங்கால் மடங்கி, தொப்பென்று விழுந்தாள். எழப் பார்த்தாள், கால் வரவில்லை. நெருப்பு சால்வையின் ஓரத்தைப் பிடித்து மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"பெரியம்மா!"

குரல் கொட்டகையெங்கும் பாய்ந்தது. கொடியில் கிடந்த போர்வைகள்கூட அவள் பக்கமாக ஒதுங்கின.

பெரியம்மா திரும்பினாள். பெட்டியின் பிடியை விட்டாள். முகத்திலிருந்து கோபம் வழிந்துபோய், அழுகை வழிந்துபோய், ஒன்றுமே இல்லாமல் ஆனது. நடந்தாள். நேர்கோட்டில் நடந்தாள். அந்தக் கோட்டின் நடுவில் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது.

ஊமைச்சி இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள்.

பெரியம்மா நின்றாள். அண்டாவின் விளிம்புக்கு ஒரு சாண் இருந்தது. ஆவி அவள் முகத்தில் அடித்தது, கண் சிமிட்டவில்லை. முதுகுப் பக்கம் நெருப்பு ஏறிக்கொண்டிருந்தது; திரும்பவில்லை. கம்பம்.

கூப்பிட்டால் பெரியம்மா கஞ்சியில் விழுவாள். கூப்பிடாவிட்டால் நின்ற இடத்தில் எரிவாள். உலுக்குவதற்கு அங்கே வேறு ஆள் இல்லை. ஊமைச்சி வாயைப் பொத்தியபடி, முழங்காலை இழுத்துக்கொண்டு தரையில் தேய்ந்து நகர்ந்தாள். எட்டாது என்று தெரிந்தும் நகர்ந்தாள்.

அப்போது பெரியம்மாவின் கண் கீழே இறங்கியது. கஞ்சியில் தேய்ந்து வரும் பெண்ணைப் பார்த்தது. அவள் கால் அசைந்தது.

ஊமைச்சி நகர்வதை நிறுத்தினாள். தான் கூப்பிடவில்லை. வாய் இன்னும் பொத்தித்தான் இருந்தது.

பெரியம்மா இடதுபக்கம் ஒரு அடி வைத்தாள். அண்டாவைச் சுற்றினாள். விறகைத் தாண்டினாள். சால்வை எரிய எரிய வந்து குனிந்தாள்.

"விழுந்துட்டியா? எந்தக் கால்? காட்டு."

ஊமைச்சி கிடந்தபடியே எட்டி அந்தச் சால்வையை அவள் தோளிலிருந்து உருவி, பக்கத்தில் துணி அலசுகிற தண்ணீர்த் தொட்டிக்குள் வீசினாள். புஸ்ஸென்று அணைந்தது. பெரியம்மா தொட்டியைப் பார்த்தாள், தன் கருகிய முதுகுத் துணியைத் தடவினாள். தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நிஜமாத்தான் சொல்லியிருக்கே," என்றாள் பெரியம்மா. "கயிறு கட்டி இழுத்த மாதிரி இழுத்துச்சுடி. அப்புறம் விட்டுடுச்சு."

ஊமைச்சி சத்தமில்லாமல் உதட்டை அசைத்தாள். *விட்டப்புறம் ஏன் வந்தே?*

பெரியம்மா அவளைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "விழுந்து கிடக்கிறே. வராம?"

ஊமைச்சிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அதையும் சத்தமில்லாமல்தான் அழுதாள்.

பாதி இறங்கிய ஷட்டருக்கு அடியில் வரிசையாகக் கால்கள் தெரிந்தன. பெரியம்மா எழுந்து போய் அதை மேலே தள்ளினாள். வெளியே ஒரு வரிசையே நின்றது. ஷட்டரில் மோதி நெற்றி புடைத்த தபால்காரர்; ஒரு காலில் செருப்பில்லாத ஒரு அம்மா; கடிவாளம் அறுத்துக்கொண்டு வந்த வண்டிக் குதிரை; எல்லாருக்கும் முன்னால் டீக்காரர், சாய்ந்த கிளாஸிலிருந்து டீ அவர் கால்மேலேயே ஒழுகிக்கொண்டிருக்க, ஒரு இளிப்போடு. ஒருவரும் அசையவில்லை.

பெரியம்மாவின் கை நெஞ்சுக்குப் போனது. ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, உள்ளே திரும்பித் தரையில் கிடந்த பெண்ணையும் பார்த்தாள். "அடியாத்தி," என்றாள் மெதுவாக. "இத்தனை நாளா இதைத் தனியாவா சுமந்தே?"

பிறகு டீக்காரரின் தோளைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினாள். அவர் விழித்தார், காலைப் பார்த்தார், சுட்ட வேகத்தில் ஒரு நீளமான கெட்ட வார்த்தையை எடுத்துவிட்டார்.

"யோவ், இப்ப எனக்குக் காது கேக்கும்!"

டீக்காரர் கிளாஸோடு கடைக்குள் ஓடினார். "துணி போட வந்தீங்களா? எல்லாரும் நாளைக்கு வாங்க," என்று பெரியம்மா மற்றவர்களை ஒவ்வொருவராக உலுக்கி அனுப்பிவிட்டு, குதிரையின் கழுத்தில் ஒரு தட்டுத் தட்டித் திருப்பிவிட்டு, ஷட்டரை முழுக்க இறக்கினாள். மிஷினைக் கழற்றவில்லை. மேஜையிலிருந்த தலையணை உறையை எடுத்துக் கவிழ்த்தாள், விழுந்த இரண்டு உடுப்பையும் உதறிப் பார்த்து, "இப்படியா மடிக்கிறது?" என்று இஸ்திரிக்கு வைத்தாள்.

அப்புறம் ஊமைச்சியைத் தாங்கி முன்பக்கம் மேஜையருகே கொண்டுவந்து உட்காரவைத்து, ஈரத்துணி ஒன்றை முறுக்கி அவள் முழங்காலில் கட்டினாள். முடிச்சை இறுக்கும்போது, ஏதோ மறந்துபோனதைச் சொல்கிறவள்போலச் சொன்னாள்:

"இனிமே கூப்பிடறதா இருந்தா, அடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து கூப்பிடு."