நட்சத்திர அமைப்பில் ஓர் அக்கா

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. ஒரு பயிற்சி நிறுவனத்தின் இயக்குநர் கூப்பிட்டு, "கணினி வலையமைப்பு வகைகளை ஒப்பிட்டு, பாமரனுக்கும் புரியுற மாதிரி ஒரு கதை வேணும்" என்றார். பாமரன் என்றபோது என்னைத்தான் பார்த்தார். கூடவே ஒரு நிபந்தனை: கதையில் எதுவும் பழுதாகக் கூடாது. பழுதே ஆகாதென்றால் எந்த வகையாக இருந்தால்தான் என்ன என்று கேட்க நினைத்தேன். அவர் மேசையில் அவருடைய படமே மூன்று இருந்தது. கேட்கவில்லை.

முதல் தொடக்கம்: "மனித நாகரிகத்தின் நரம்பு மண்டலமாகத் திகழும் வலையமைப்பானது—"

அடித்துவிட்டேன். இதற்கு நானே இரண்டாவது வரி படிக்க மாட்டேன்.

2

இரண்டாவது தொடக்கம். ஒரு தம்பி. அலுவலகங்களுக்கு நெட்வொர்க் கேபிள் இழுக்கிறவன். இப்போது ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் மேசைக்கடியில் தவழ்ந்துகொண்டிருக்கிறான். ஒவ்வொரு கணினியிலிருந்தும் ஒரு வயர் கிளம்பி, மூலையிலுள்ள பெட்டிக்குப் போகிறது. எல்லாம் நடுவில் ஒன்றில் சேர்வதால் இது நட்சத்திர அமைப்பு. ஒரு வயர் அறுந்தால் ஒரு கணினிக்குத்தான் நஷ்டம். நடுப்பெட்டி போனால் மொத்தமும் போச்சு.

(இயக்குநர் கவனிக்க: "போச்சு" என்பது முழுக்கக் கற்பனை.)

தம்பியின் குடும்பமும் இதே அமைப்புதான். நடுப்பெட்டி, மூத்தவளான அக்கா. தையல் கடை வைத்துத் தனியாக இருக்கிறாள். அவளுக்கு அடுத்தவன் அண்ணன், கடைசி இவன். அண்ணனும் தம்பியும் பேசிப் பல வருடமாகிறது. (ஏன் என்று மூன்று காரணங்கள் எழுதிப் பார்த்தேன். மூன்றும் அவர்களுக்கே மறந்திருக்கும் என்பதால் எடுத்துவிட்டேன்.) ஒருவன் சேதி அக்காவுக்குப் போகும், அங்கிருந்து மற்றவனுக்கு. "அண்ணன் உன்ன விசாரிச்சான்டா" என்பாள். "அவனுக்கென்ன வந்துச்சு" என்று சலித்துக்கொள்வான் தம்பி. பிறகு, "வேற என்ன கேட்டான்?" என்பான்.

நேற்று முன்தினம் அக்கா சொன்னாள்: "அண்ணன் வீட்டுக்கு ரெண்டு நாள் போறேன். அவன் முன்னாடி உன்கூடப் பேசுனா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவான். கூப்பிடாத."

சரி. அதற்காக ஃபோனையே அணைத்தா வைப்பாள்? நேற்றும் அணைந்திருந்தது. இன்றும்.

3

ஒப்பீடு கேட்டார்களே, அதை முடித்துவிடுகிறேன். எனக்கும் அந்த ஃபோனைப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

வளைய அமைப்பில் ஒவ்வொருவரும் பக்கத்திலிருப்பவருக்குச் சொல்லிச் சொல்லி சேதி சுற்றி வரும். இடையில் ஒருவர் கோபித்துக்கொண்டால் அங்கேயே படுத்துவிடும். பஸ் அமைப்பில் எல்லோரும் ஒரே வயரில் தொங்குவார்கள். இரண்டு பேர் ஒரே சமயத்தில் வாயைத் திறந்தால் இரண்டும் மோதும். பின்னல் அமைப்பில் எல்லோருக்கும் எல்லோரோடும் நேர்வழி உண்டு. ஒன்று அடைத்தால் இன்னொன்று.* 

* செலவு அதிகம் என்பார்கள். குடும்பத்தில் வயர் செலவு இல்லை. யார் முதலில் கூப்பிடுவது என்கிற செலவுதான்.

தம்பிக்கு இதெல்லாம் அத்துப்படி. இருந்தும் அக்கா எண்ணையே திரும்பத் திரும்ப அழுத்துகிறான்.

4

அண்ணனின் எண் அவன் ஃபோனில் "எடுக்காதே" என்ற பெயரில் இருந்தது. அழுத்தினான்.

"அக்காகிட்ட குடுடா," என்றான் அண்ணன், எடுத்த எடுப்பில்.

"அக்கா உன் வீட்லதானே இருக்கா?"

"என்னடா உளர்ற? உன் வீட்டுக்குன்னு சொல்லிட்டுப் போனா. கூப்பிடாத, அவனுக்குப் பிடிக்காதுன்னா."

"என்கிட்டயும் அதேதான் சொன்னா. உன்னப் பத்தி."

இரண்டு பேரும் சரிபார்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று அக்காவுக்குத் தெரியும்.

"உன்கிட்ட எதாச்சும் கேட்டாளா?" என்றான் அண்ணன்.

"என் ரத்த வகை கேட்டா. எதுக்குன்னதுக்கு, சும்மான்னா."



"டேய்... என்கிட்ட, கட்டிக்கு ஆபரேஷன் எங்க நல்லா பண்றாங்கன்னு கேட்டா. யாரோ ஃப்ரெண்டுக்காம். பாலத்துக்குப் பக்கத்துல இருக்கிற ஆஸ்பத்திரியச் சொன்னேன்."

(இங்கே "சகோதரர்கள் நெகிழ்ந்தனர்" என்று எழுதியிருந்தேன். பொய். கத்தினார்கள். "உனக்கு அப்பவே தோணலியா?" "உனக்கு மட்டும் தோணிச்சாக்கும்!")

5

ஆஸ்பத்திரி வாசலில் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒன்றாக நுழைந்தார்கள். அக்கா அங்கேதான் இருந்தாள். காலையிலேயே ஆபரேஷன் அறைக்குள் கொண்டுபோய்விட்டார்களாம்.

"துணைக்கு ஆளில்லாம எப்படின்னு டாக்டர் சத்தம் போட்டாரு," என்றாள் நர்ஸ். "தம்பிங்க ரெண்டு பேரும் சேர்ந்து வந்துட்டே இருக்காங்கன்னு அடிச்சுச் சொன்னாங்க. வர்றதுக்கு இவ்வளவு நேரமாங்க?"

நர்ஸ் பேனாவை எடுத்தாள்.

"தகவல் சொல்ல ஒரு நம்பர் குடுங்க."

இருவரும் ஒரே சமயத்தில் சொன்னார்கள். எண்கள் மோதின.

"ஒண்ணு போதுங்க."

"ரெண்டையும் எழுதுங்க சிஸ்டர்," என்றான் அண்ணன்.

பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நடுவில் ஓர் ஆள் உட்காரலாம்.

"முட்டிவலிக்குத் தைலம் குடுத்தனுப்புனியே," என்றான் அண்ணன், சுவரைப் பார்த்துக்கொண்டு. "நல்லாக் கேக்குது."

"நான் எங்க குடுத்தேன்?" என்றான் தம்பி. கொஞ்சம் பொறுத்து, "நீ என்னைய அடிக்கடி விசாரிப்பியாமே?"

"நானா?"

இரண்டு பேரும் ஆபரேஷன் அறைக் கதவைப் பார்த்தார்கள்.

6

முடிவு அ: "நடுப்பெட்டி சீரமைக்கப்பட்டது; அனைவரும் கைதட்டினர்." இது இயக்குநருக்குப் பிடிக்கும். அவருக்கே கொடுத்துவிடுகிறேன்.

முடிவு ஆ: டாக்டரைக் கண்டதும் தம்பி எழுந்து—

எழுத வரவில்லை.

கதவு திறக்கிறது. டாக்டர் வருகிறார். முகக்கவசத்தை இன்னும் கழற்றவில்லை. அந்தக் கண்களை வைத்து எனக்கு எதுவும் தெரியவில்லை. இனிமேல் அவர் பேச வேண்டியதை நீங்கள்தான் பேச வேண்டும். நல்லதோ கெட்டதோ, உங்கள் விருப்பம். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: ஒருவனை மட்டும் ஓரமாக அழைத்துச் சொல்லிவிட்டு, மற்றவனுக்கு அவன் சொல்லிக்கொள்ளட்டும் என்று போய்விடாதீர்கள்.