ஊசி போட்ட ஐந்தாம் நாள்

என் வீட்டுக்காரன் நான் கண் மூடியிருக்கும்போதுதான் அடிப்பான். திறந்திருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா நிற்பான். அவ்வளவு பெரிய வீரன்.

நான் சலவைக் கூடத்தில் துணி தேய்ப்பவள். நாலு வருஷத்துக்கு முன்னால் என் இமைகள் தாமாகவே மூட ஆரம்பித்தன. முதலில் படபடவென்று துடிக்கும், பிறகு ஷட்டரை இழுத்துவிட்ட மாதிரி அடைத்துக்கொள்ளும். விரலால் தூக்கினால்தான் திறக்கும். கையிலோ கொதிக்கிற இஸ்திரிப் பெட்டி. இடது கையில் இருக்கும் இரண்டு தழும்பும் அப்படி வந்தவை. வீட்டில் விழுந்த முதல் அறைக்குக் காரணம் வேறு. நான் சூப்பர்வைசருக்குக் கண்ணடித்தேனாம். அடி வருவது தெரிந்தால்தானே முகத்தைத் திருப்ப? ஒரு கடைவாய்ப்பல் போயிற்று.

இது நோய் என்று சொன்னது கண் டாக்டரம்மாதான். கெட்டுப்போன டப்பா உணவில் ஆளையே கொல்லும் விஷம் ஒன்று உண்டாம். அதைத் துளியிலும் துளியாக்கி இமையைச் சுற்றி ஊசி போட்டால், இழுத்து மூடுகிற தசை தளர்ந்துவிடுமாம். நாலைந்து நாளில் பிடிக்கும், ஏறக்குறைய மூன்று மாதம் தாங்கும், பிறகு மறுபடி ஊசி. அந்த விஷத்தை நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அவனும் அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டான். அவன் லிஃப்ட் மெக்கானிக். மூன்று மாதத்துக்கு ஒரு சர்வீஸ் என்பது அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. என் ஆஸ்பத்திரி அட்டையைப் பார்த்து அடுத்த ஊசித் தேதிக்குக் காலண்டரில் வட்டம் போடுவான். ஊசி போட்ட புதிதில் பரம சாது. வட்டத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது என் இமை துடிக்கும், அவன் கையும் துடிக்கும். போன தடவை இரண்டு விலா எலும்பு. அடுத்த உதை எந்தப் பக்கம் வரும் என்று தெரியாமல் இருட்டில் சுருண்டு கிடந்தேன். உதையை விட அந்தக் காத்திருப்பைத்தான் நான் வெறுத்தேன்.

இந்த முறை டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போலீசுக்குப் போகச் சொன்னார். முதலில் கண், பிறகு போலீஸ் என்றேன். சீக்கிரம் சீக்கிரம் போட்டால் மருந்து பிடிக்காமலே போகலாம், இந்த ஒரு தடவைதான் என்று சொல்லி இரண்டு வாரம் முன்னதாகவே போட்டுவிட்டார். அட்டையில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

"கொஞ்ச நாளைக்குக் கண்ணு முழுசா மூடாது, அடியில ஒரு கீத்து திறந்தே இருக்கும். பயந்துடாதீங்க, சொட்டு மருந்து விட்டுக்குங்க" என்றார்.

பயமா? பஸ்ஸில் வரும்போது தனியாகச் சிரித்தேன்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் அவன் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்தவன் முதலில் காலண்டரைப் பார்த்தான், பிறகு என்னை. நான் இமைகளைப் படபடவென்று அடித்து மூடிக்கொண்டேன். டாக்டரம்மா சொன்ன கீற்று திறந்தே இருந்தது. அதன் வழியாக அவன் பூட்ஸ் தெரிந்தது. தலையை லேசாக நிமிர்த்தினேன், கை தெரிந்தது. கையில் பெரிய ஸ்பானர்.

ஒதுங்கிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஸ்பானரைப் பார்த்ததும் இஸ்திரிப் பெட்டியின் பிடியை இறுக்கிக்கொண்டேன். நிஜமாகவே கண் அடைத்திருந்தால் ஆள் தீர்ந்திருப்பேன், அதுவும் எதனால் என்று தெரியாமலே.

அவன் ஓங்கினான். நான் நகர்ந்தேன். என் தலை இருந்த இடத்தைக் கடந்து ஸ்பானர் மேஜையில் இறங்க, பலகை பிளந்தது. அதைப் பிடித்திருந்த மணிக்கட்டின் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்து, என் முழு எடையையும் போட்டு அழுத்தினேன். தோல் பொசுங்கியது. அவன் அலறி முழங்காலில் விழுந்தான். எனக்குப் பாவமாகவே இல்லை.

"உனக்குக் கண்ணு தெரியுதா?" என்றான்.

கண்ணை நன்றாகத் திறந்து அவனைப் பார்த்தேன். இருபது வருஷத்தில் ஒரு முறைகூட அவனை ஒருமையில் அழைத்ததில்லை.

"தெரியுது. நீ எந்திரிச்சு வெளிய போறதையும் பாக்கணும். போ."

போனான். பாதி தேய்த்த சட்டையைச் சுருட்டி அவன் பின்னாலேயே எறிந்தேன். பிறகு கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, ஸ்பானரைப் பையில் போட்டு, போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பினேன்.