எட்டுக் கயிறு

"கதவ விட்டுடாத, பிச்சுக்கிட்டுப் போயிடும்!" என்று கத்திக்கொண்டே மிமி காரைச் சுற்றி ஓடினாள்.

எட்வின் விடவில்லை. ஆர்க்னி தீவில் பிறந்து எழுபத்தொரு வருடம் காற்றோடு மல்லுக்கட்டியவர், விடுவாரா? கதவுதான் அவரை விடாமல் வெளியே இழுத்தது. மருத்துவமனையிலிருந்து திரும்பிய மனிதருக்குக் காற்றை எதிர்த்து நிற்கிற அளவுக்கு உடம்பில் சதை மிச்சமில்லை. கதவை ஒரு கையிலும் கணவனை மறு கையிலுமாகப் பிடித்து நிறுத்தினாள்.

"இந்தக் காத்துல கடைத்தெரு கேக்குதா உனக்கு?"

"எவனெவனோ கப்பல் ஏறி வந்து இந்த ஊரப் பாத்துட்டுப் போறான். இங்கயே கெடக்குற நான் ஒரு நாள் சுத்திப் பாக்கக் கூடாதா?"

அன்றைக்கு வரவேண்டிய சுற்றுலாக் கப்பல்கூடக் காற்றுக்குப் பயந்து கரை தொடாமல் திரும்பிவிட்டது. ஸ்ட்ராம்னெஸ்ஸின் கல் பாவிய தெருவில் ஈ காக்கை இல்லை. இவர்கள் இரண்டு பேர்தான்.

'வாரக்கணக்கு இல்லம்மா, நாள் கணக்குதான்' என்று டாக்டர் அவளைத் தனியாக அழைத்துச் சொல்லியிருந்தார். மிமிக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று: அந்த நாட்களை ஜன்னலோரத்தில், அவர் கையைப் பிடித்துக்கொண்டு கழிப்பது. அவருக்கோ கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. காரணம் கோட்டின் உள்பையில் இருந்தது. சவ அடக்கம் செய்து வைக்கிற ஆலனிடம் முந்தின நாள் கேட்டு வாங்கிய எட்டு அட்டைகள். ஒவ்வொன்றிலும் சவப்பெட்டியின் படம், அதைச் சுற்றி எட்டு எண்கள். தலைமாட்டில் ஒன்றாம் எண், கால்மாட்டில் இரண்டாம் எண், மற்றதெல்லாம் பக்கவாட்டில். பெட்டியைக் குழிக்குள் இறக்க எட்டுக் கயிறு. எந்தக் கயிறு யாருக்கு என்று, அந்த எண்ணை வட்டமிட்டு, செத்தவர் வீட்டார் அட்டை கொடுத்துச் சொல்வது வழக்கம். சாகப்போகிறவரே கடை கடையாக ஏறி அதைக் கொடுத்ததை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை.

"வீட்டுக்கு வரச் சொல்லிக் குடுக்கலாம்ல?"

"படுத்துக் கெடந்து குடுத்தா பரிதாபப்பட்டு வாங்கிப்பான். நின்னுக்கிட்டுக் குடுக்கணும்."

இரும்புக்கடை பெர்டியிடம் ஆறு திருகாணி வாங்கினார். எதற்கென்று அவருக்கே தெரியாது. பெர்டி பொட்டலம் கட்டும்போது மேஜை மேல் மூன்றாம் நம்பர் அட்டையை வைத்தார்.

பெர்டி அதைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். "என் இடுப்பு தாங்குமாடா?"

"எளச்சுப் போயிட்டேன்டா. வேணும்னா இப்பவே தூக்கிப் பாரு."

பெர்டி சிரித்தார். கட்டி முடித்த பொட்டலத்தைப் பிரித்து மறுபடியும் முதலிலிருந்து கட்டினார்.

மதியத்துக்குள் மூன்றிலிருந்து எட்டு வரை கொடுத்தாகிவிட்டது. மிமியின் பையில் திருகாணி, இரண்டு மீன், ஒரு பாட்டில் ஆரஞ்சு ஜாம், யாருக்கும் பிறந்தநாள் இல்லாத ஒரு பிறந்தநாள் வாழ்த்து அட்டை எல்லாம் சேர்ந்திருந்தன. ஊரே ஆளுக்கொரு கயிறாக அவரைப் பங்கு போட்டு எடுத்துக்கொண்டதுபோல் அவளுக்கு ஆத்திரம் வந்தது. என் பங்கு எங்கே என்று யாரிடம் போய்க் கேட்பது?

துணிக்கடையில் ஊதா நிறச் சால்வை ஒன்று அவள் கண்ணில் பட்டது. தொட்டுப் பார்த்தாள், கன்னத்தில் வைத்தும் பார்த்தாள். எட்வின் அந்தப் பக்கமே திரும்பவில்லை. தடித்த தோலில் தைத்த பழுப்புக் கையுறை ஒரு ஜோடியை எடுத்து வந்து அவள் கையில் தானே மாட்டிவிட்டார். பிறகு தன் கைத்தடியின் நுனியை நீட்டினார்.

"பிடிச்சு இழு."

"என்ன?"

"இழுடின்னா. வழுக்குதா?"

"நான் என்ன ஏரா இழுக்கப் போறேன்?" கடைக்காரப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். மிமிக்கு மானம் போயிற்று. "எனக்கு அந்தச் சால்வதான் வேணும்."

"அத அப்புறம் வாங்கிக்கலாம்."

அப்புறம் என்ற சொல்லைக் கேட்டதும் அவள் சால்வையை மடித்து இருந்த இடத்திலேயே வைத்தாள். அதற்கு மேல் வாதாடவில்லை. கையுறைகளை அவரே காகிதப் பையில் போட்டார். என்னமோ மெனக்கெட்டு மடித்தார். உதவ வந்த கடைக்காரப் பெண்ணையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார்.

"வீட்டுக்குத்தானே?" காரில் ஏறியதும் கேட்டாள்.

"கோட்டைக்கு."

ஹெஸ்ட்விக் கோட்டை கடலோரத்தில் இருக்கிற பழைய கல்கோபுரம். வெளியூர்க்காரர்கள் பார்த்து வாயைப் பிளப்பார்கள். அங்கே டிக்கெட் கொடுப்பவர் எட்வினின் அண்ணன் டேவிக். இருவரும் பேசிப் பத்தொன்பது வருடம் ஆகிறது. கால்நடைக் கண்காட்சிக்கு எட்வின் நடுவராக இருந்த வருடம், சொந்த அண்ணனின் கிடாவுக்கு இரண்டாம் பரிசு கொடுத்தார். அதோடு முடிந்தது.

ஆக, ஒன்றாம் நம்பர் அண்ணனுக்குத்தான் என்று மிமி நினைத்துக்கொண்டாள். பிள்ளைகள் இல்லாத வீடு. தலைமாட்டுக் கயிறு வேறு யாருக்குப் போகும்? எப்படியோ இரண்டு பேரும் சமாதானமானால் சரி என்று பட்டது.

வழியில் கல்லறைத் தோட்டம் வந்தது. அவளுடைய அப்பா அங்கேதான் இருக்கிறார். அவரை இறக்கிய அன்று தலைமாட்டுக் கயிறு, அவள் முகம்கூடப் பார்த்திராத ஒரு ஒன்றுவிட்ட அண்ணனுக்குப் போனது. ஒரே மகள் வீட்டில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்காக ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கல்யாணமான புதிதில் எட்வினிடம் இதைச் சொல்லி அழுதிருக்கிறாள். அவர் ஏதோ வலையைச் சரி செய்துகொண்டே 'ம்' என்றார். கேட்டாரோ கேட்கவில்லையோ, அவளுக்கு இன்றுவரை தெரியாது.

டிக்கெட் அறையின் சின்ன ஜன்னலுக்குப் பின்னால் மஞ்சள் மழைக்கோட்டோடு டேவிக் உட்கார்ந்திருந்தார். தம்பியைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"வாங்க சார். எத்தனை பேர்?"

"வயசானவங்க ரெண்டு."

"இன்னிக்கி மேல ஏற விடறதில்ல. காத்து."

"கீழயே நின்னு பாத்துக்கறோம். உள்ளூர்க்காரனுக்குத் தள்ளுபடி உண்டா?"

"உள்ளூர்க்காரன் எவனும் வந்ததில்ல சார், இந்தப் பத்தொம்பது வருஷத்துல."

எட்வின் அட்டையை ஜன்னல் வழியாக நீட்டினார். டேவிக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

"ரெண்டா?"

"ரெண்டு."

"கால்மாடு." அட்டையைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கும் என்பதுபோல. "தலைமாடு எவனுக்குடா?" 'சார்' காற்றோடு போய்விட்டது.

"அதுக்கு ஆள் இருக்கு."

"எவன்டா அவன்? நம்ம அம்மா வயித்துல மூணாவதா எவனாச்சும் பொறந்தானா? அன்னிக்கி என் கிடாவுக்கு ரெண்டு. இன்னிக்கி எனக்கும் ரெண்டா?"

"உன் கிடா ரெண்டாவதுதான். பின்னங்கால் கோணல்."

"ஐயோ, வாய மூடு மனுஷா!" என்றாள் மிமி.

டேவிக்கின் முகம் சிவந்தது. இரண்டு டிக்கெட்டைக் கிழித்து, அட்டையோடு சேர்த்து வெளியே தள்ளினார். "கோட்டை அந்தப் பக்கம். பாத்துப் போங்க சார்."

எட்வின் டிக்கெட்டை மட்டும் எடுத்துக்கொண்டார். அட்டை பறக்காமலிருக்க, ஜன்னல் படியில் கிடந்த கல்லைத் தூக்கி அதன் மேல் வைத்தார். கோட்டைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் காருக்கு நடந்தார்.

கார் கிளம்பியதும் மிமி ஆரம்பித்தாள். "ஒன்ன அவருக்குக் குடுத்தா என்ன கொறஞ்சு போகும் உனக்கு? சாகப்போற நேரத்துலயும் ஜட்ஜ் வேலதானா? கடைசி அட்டைய வேற எவனுக்கு வெச்சிருக்க?"

"குடுத்தாச்சு."

"எப்ப? நான் கூடவேதான இருந்தேன்?"

"கடல் தெரியற எடத்துல நிறுத்து. கொஞ்சம் பாக்கலாம்."

மேட்டில், காருக்குக் காற்று நேர் எதிரே இருக்கிற மாதிரி நிறுத்தினாள். அப்போதுதான் கதவு தப்பிக்கும். ஃபிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றினாள், திட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை. அண்ணனும் தம்பியும் ஒரே அச்சு என்றாள். கையுறையை நாளைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டுச் சால்வை வாங்கப் போகிறேன் என்றாள். கார் ஆடிய ஆட்டத்தில் கோப்பையில் டீ தளும்பியது.

"சர்க்கரை போடவா?"

பதில் இல்லை. திரும்பினாள். அவர் கடலைப் பார்த்தபடிதான் இருந்தார். கை மட்டும் மடியிலிருந்து நழுவி இருவருக்கும் நடுவில் விழுந்திருந்தது. காலையிலிருந்து முதல் முறையாக அவர் ஓரிடத்தில் இருந்தார். மிமி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கையை எடுத்துப் பிடித்துக்கொண்டாள். சூடு இன்னும் இருந்தது. அது போகிறவரை அவள் காரைக் கிளப்பவில்லை.

ஐந்தாம் நாள் அடக்கம். காற்று அடங்கவில்லை. தலைமாட்டுக்கு யார் என்று ஆலன் இரண்டு முறை கேட்டு அனுப்பிவிட்டார். டேவிக்கிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. இரண்டு கயிற்றுக்கும் ஆள் தேடவேண்டும், ஒன்றாம் நம்பரைப் பெர்டியிடமே கேட்டுவிடலாம் என்று நினைத்தபடி கறுப்புக் கோட்டை மாட்டினாள். விரல் விறைத்தது. காகிதப் பையைப் பிரித்துக் கையுறையை எடுத்தாள். வலது கை போயிற்று. இடது கை போகவில்லை, உள்ளே என்னவோ தடுத்தது.

அட்டை. ஒன்றாம் எண்ணைச் சுற்றிப் பேனாவால் வட்டம். பக்கத்தில் கோணல்மாணலாக 'மிமி'. வேறொன்றும் இல்லை.

வண்டி வந்து நின்று, ஹாரன் அடித்து, பெர்டி இறங்கி வந்து கதவைத் தட்டும் வரை அவள் கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தாள்.

குழியருகே ஆலன் கூப்பிட்டார். "ஒன்னு."

மிமி முன்னால் போனாள். அந்தத் தோட்டத்தில் கயிறு வாங்க ஒரு பெண் வந்து யாரும் பார்த்ததில்லை. ஆண்கள் கூட்டத்தில் யாரோ இருமினார்கள். ஆலன் ஒரு கணம் தயங்கி, கயிற்றின் குஞ்சம் கட்டிய நுனியை அவள் கையில் வைத்தார்.

"ரெண்டு."

யாரும் அசையவில்லை. "ரெண்டு" என்று ஆலன் மறுபடியும் கூப்பிட்டார். சுவரோரத்திலிருந்து மஞ்சள் மழைக்கோட்டு ஒன்று இறங்கி வந்தது. டேவிக் கால்மாட்டில் வந்து நின்று, பெட்டியின் நீளத்துக்கு அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்த்தார். அவளையும் பார்த்தார், அவள் கையையும் பார்த்தார்.

"நீயா," என்றார்.

குனிந்து தன் கயிற்றை எடுத்துக்கொண்டார். "நான் விடறதப் பாத்து நீ விடு. அவசரமில்ல."

பெட்டி இறங்கியது. அவள் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. கயிறு கையில் வழுக்கவே இல்லை. இடது கையுறையில் பிய்க்க மறந்த விலைச் சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது. கயிறு முழுவதும் போய்ச் சேர்கிறவரை காற்று அதைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது.