தஸ்நேவிஸ் சார் மேற்பார்வையில்

எங்கள் பல்கலைக்கழகத்தில் தேர்வு மேற்பார்வையாளராக இருப்பவர் வெண்டிலேட்டரில் இருக்க வேண்டும். இணையவழிப் படிப்பு என்பதால் மாணவர்கள் ஆளுக்கோர் ஊரில் இருந்துகொண்டு பரீட்சை எழுதுகிறோம். பக்கத்தில் யாராவது இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். தொண்டையில் குழாய் உள்ளவர் விடை சொல்லித்தர மாட்டார். நடுவில் டீ குடிக்க எழுந்து போகமாட்டார். நியாயமான விதிதான்.

எனக்கு அதில் சிரமம் இருக்கவில்லை. தூத்துக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நான் சுவாச சிகிச்சையாளர். வெண்டிலேட்டர்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. டிப்ளமோ முடித்துவிட்டு வந்தவள். பல வருஷம் அது போதுமானதாக இருந்தது. போன ஆண்டு நிர்வாகம் ஒரு சுற்றறிக்கை ஒட்டியது. டிப்ளமோ படித்தவர்கள் நோயாளிக்கு மூச்சை உள்ளே அனுப்பலாம். வெளியே எடுப்பதற்குப் பட்டதாரி வேண்டும்.

எங்கள் பிரிவில் பட்டதாரி என்றால் இளம்பரிதி ஒருவன்தான். நான் ஒரு படுக்கையில் மூச்சை உள்ளே அனுப்பிவிட்டுக் கையைத் தூக்குவேன். அவன் ஓடிவந்து வெளியே எடுப்பான். அதற்குள் நான் அடுத்த படுக்கையில் கையைத் தூக்கியிருப்பேன். அவன் சாப்பிடப் போகிற நேரத்தில் வார்டு முழுவதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு காத்திருக்கும்.

“யக்கா, நீங்களும் ஒரு டிகிரி வாங்கிருங்க,” என்றான். “எனக்குக் கல்யாணம் பேசுதாங்க. நான் லீவு போட்டா இவங்கள எல்லாம் யாரு பாப்பா?”

அப்படித்தான் இணையத்தில் பி.எஸ்ஸி.க்குப் பதிவு செய்தேன். டிப்ளமோ இருந்ததால் நேராகக் கடைசி ஆண்டில் சேர்த்துக்கொண்டார்கள். காலை ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போய், குக்கர் விசிலுக்கு நடுவே பாடம் கேட்பேன். இத்தனை காலம் கையால் செய்துகொண்டிருந்ததற்கெல்லாம் பெயர் இருக்கிறது என்று தெரிந்தது. சில பெயர்கள் நன்றாகவே இருந்தன.

கடைசிப் பருவத் தேர்வுக்கு எனக்கு அமைந்தவர் தஸ்நேவிஸ் சார். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். நிமோனியா முற்றி எங்களிடம் வந்திருந்தார். நினைவு தெளிந்ததும் அவரிடம் விஷயத்தைச் சொல்லி, சம்மதமா என்று கேட்டேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அவர் மகள் ஜெசிந்தா அன்று சாயங்காலமே வார்டில் எல்லாருக்கும் மஸ்கோத் அல்வா கொடுத்தாள்.

“ரிட்டயர் ஆனதுல இருந்து வீட்டுல சும்மாவே இருந்தாங்க சிஸ்டர். இப்பதான் மொகத்துல ஒரு களை வந்திருக்கு.”

பரீட்சை நாட்களில் அவருடைய பழைய கறுப்புக் கோட்டை இஸ்திரி போட்டுக் கொண்டுவருவாள். ஆஸ்பத்திரி உடுப்பின் மேல் அதை விரித்து, குழாயை ஒட்டியிருக்கும் பிளாஸ்திரிக்கு மேலே கண்ணாடியை மாட்டிவிடுவோம். தலைமை மருத்துவர் உமையொருபாகம் காலையில் வரும்போது நாடித்துடிப்பையும் ஆக்சிஜனையும் கேட்டுவிட்டு, மதியம் என்ன பேப்பர் என்றும் கேட்பார்.

தஸ்நேவிஸ் சார் கண்டிப்பானவர். விடை தெரியாமல் நான் ஜன்னல் பக்கம் பார்த்தால் ஓர் இருமல் இருமுவார். மெஷினில் அழுத்தம் ஏறி அலாரம் அடிக்கும். நான் உடனே லேப்டாப்பைப் பார்ப்பேன்.

இதற்கிடையில் இளம்பரிதிக்குக் கல்யாணம் நிச்சயமாகி, விடுப்பில் போனான். வேறொரு மருத்துவமனையிலிருந்து ஒரு பட்டதாரி காலையிலும் மாலையிலும் வந்து, சேர்ந்திருந்த மூச்சையெல்லாம் மொத்தமாக வெளியே எடுத்துவிட்டுப் போனார். நோயாளிகள் பழகிக்கொண்டார்கள்.

கடைசித் தாளுக்கு முந்தின நாள் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நெஞ்சு தெளிந்திருந்தது.

“நாளைக்குக் காலையில குழாயை எடுத்துரலாம்.”

“நாளைக்கு மதியம்தான் சார் எனக்குக் கடைசிப் பரீட்சை.”

“எடுக்கதுக்குப் பட்டதாரி வேணும். வாரவரு மூச்சை மட்டுந்தான் எடுப்பாராம், குழாயைத் தொட மாட்டாராம். நீ பரீட்சை எழுதினாத்தான் பட்டதாரி. பரீட்சை எழுதணும்னா குழாய் இருக்கணும்.” எக்ஸ்ரேயை உறையில் போட்டார். “ரெண்டும் சரியாத்தான் இருக்கு,” என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார்.

பல்கலைக்கழகத்துக்கு போன் செய்தேன். ஒரு பெண் மிகவும் பணிவாகப் பேசினாள். “மேற்பார்வையாளர் குணமாகிவிட்டால் அந்தத் தேர்வு செல்லாது மேடம். வேறு ஏதாவது உதவி வேண்டுமா?” வேறு ஆள் பிடிக்கவும் வழியில்லை. பக்கத்துப் படுக்கை அம்மாவை பில்லிங்கில் இருக்கிற ஒருவர் தன் பி.காமுக்கு ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்.

ஜெசிந்தாவிடம் சொன்னேன். “அப்பா எதையும் பாதியில விட்டதில்ல சிஸ்டர். பரீட்சை முடியட்டும்,” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “குழாய் இன்னும் கொஞ்சம் இருந்தா ஒண்ணும் ஆகாதுல்லா?” என்று கேட்டாள்.

தேவையில்லாத குழாய் ஒரு மத்தியானம் இருந்தாலும் கெடுதல்தான். அதன் வழியாகக் கிருமி இறங்கும். நெஞ்சுத் தசைகள் தங்கள் வேலையை மறக்கும். எனக்குப் பட்டம் வேண்டும். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அதை அவள் எப்படி எடுத்துக்கொண்டாளோ.

கடைசித் தாள் தொழில் அறம். முதல் கேள்வி இதுதான்: ‘உங்கள் எதிரில் உள்ள நோயாளி தானாக மூச்சுவிடத் தயாராக இருக்கிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்? காரணங்களுடன் விளக்குக.’

தெரிந்த கேள்வி. வேகமாக அடித்துக்கொண்டே வந்தேன். காரணங்களுக்கு வந்தபோது, எதையும் விட்டுவிடக் கூடாது என்று நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

நெற்றியில் வியர்த்திருந்தது. கை கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது. மெஷின் மெதுவாக ஒரு மூச்சைக் கொடுக்கும். அதுவரை காத்திருந்து அதை வாங்கிக்கொள்வார். நடக்கப் பழகும் குழந்தையின் பின்னால் உயரமான மனிதர் அடியெடுத்து வைப்பதுபோல இருந்தது. அவருடைய சொந்த மூச்சு கோட்டுக்கு அடியில் முட்டிக்கொண்டிருந்தது. அதை அடக்கிக்கொண்டு, கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இருமவில்லை. இருமினால் அடக்கியது வெளியே வந்துவிடும் என்று இருந்திருக்கலாம்.

நான் எழுந்து கையைக் கழுவினேன். சளியை உறிஞ்சி எடுத்தேன். பிளாஸ்திரியைப் பிரித்து, குழாயின் பலூனிலிருந்த காற்றை இறக்கினேன்.

“நல்லா ஒரு தடவ இருமுங்க சார்.”

இருமினார். குழாயை உருவினேன். ஒரு நீளமான மூச்சு வெளியே வந்தது. லேப்டாப் திரையில் ‘தேர்வு செல்லாது’ என்று சிவப்பு எழுத்து வந்தது. தஸ்நேவிஸ் சார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். கரகரத்த குரலில் முதல் வார்த்தை பேசினார்.

“டைம் இருக்கும்போது ஏம்மா எந்திரிச்ச?”

பிறகு லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பச் சொன்னார். கேமராவைப் பார்த்து, தேர்வர் முதல் கேள்விக்கு மேற்பார்வையாளரைப் பார்த்து எழுதினார், அதன்பின் மேற்பார்வையாளரைத் தொட்டார் என்று இரண்டு புகார்களையும் முறைப்படி சொன்னார். இடையில் மூச்சு வாங்கியது. ஆக்சிஜன் முகமூடியை வைத்துவிட்டேன். அதை விலக்கி, “தேதி போட்டுக்கோங்க,” என்றார்.

குழாய் கழன்ற மெஷினின் அலாரம் கேட்டு டாக்டர் வந்தார்.

“மூச்சை வெளிய விட்டது யாரு?”

“அவங்களேதான் சார்.”

“என்ன படிச்சிருக்காங்க?”

“பி.ஏ. வரலாறு டாக்டர்,” என்றாள் வாசலில் நின்ற ஜெசிந்தா.

“அப்ப சரி,” என்றார் டாக்டர்.

பல்கலைக்கழகம் என்னை இரண்டு ஆண்டுகளுக்கு விலக்கிவைத்தது. தஸ்நேவிஸ் சாருக்குச் சிறந்த மேற்பார்வையாளர் என்று ஒரு கேடயம் அனுப்பியது. மருந்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஜெசிந்தா தேடி வந்து, டப்பாவிலிருந்த இடியாப்பத்தை என்னைச் சாப்பிட வைத்தாள்.

“மனசுல வச்சுக்காதீங்க சிஸ்டர். அம்மாவையே ஒரு தடவ டிக்கெட் இல்லன்னு மணியாச்சி ஜங்ஷன்ல எறக்கி விட்டவங்க அப்பா. வீட்டுக்கு நாங்க மட்டும்தான் வந்தோம்.”

வீட்டுக்குக் கிளம்புகிற அன்று அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு தானே நடந்தார். என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். கை சூடாக இருந்தது.

“உசுரைக் குடுத்திருக்கம்மா. செத்தாலும் மறக்க மாட்டேன். ஆனா பாத்து எழுதினது பாத்து எழுதினதுதான்.”

“ஆமா சார்,” என்றேன். நான் எழுதிய விடை சரிதானா என்று கேட்க நினைத்தேன். லிஃப்ட் வந்துவிட்டது.

அந்தப் படுக்கை மதியம்வரை காலியாக இருந்தது. பிறகு துறைமுகச் சாலையிலிருந்து, மூச்சுத் திணறுகிறது என்று ஒரு புங்கமரத்தைக் கொண்டுவந்தார்கள். ஸ்ட்ரெச்சருக்கு வெளியே இலைகள் தரையைத் தொட்டுக்கொண்டு வந்தன. கூட வந்தவர், அதன் நிழலில் டீக்கடை வைத்திருப்பவர், கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு தள்ளி நின்றார்.

“எத்தனை நாளா இழுப்பு இருக்கு?” என்று கேட்டேன்.

“காத்தடிக்காத நாள்ல எல்லாம் இருக்கும் சிஸ்டர். நேத்துல இருந்துதான் ரொம்ப.”

“படுத்தா அதிகமாகுதா?”

“இதுவரைக்கும் படுத்ததில்லையே,” என்றார்.

எது தலைப்பக்கம் என்று அவரிடம் கேட்டு, அதை உயர்த்தி வைத்தேன்.