ஒரு வரி நழுவிய அப்பா

வம்பை விலை கொடுத்து வாங்குவார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் அம்மானில் என் அலுவலக நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே, ஆல்ட் விசையை அழுத்தி இலவசமாக வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை, நான் விரும்பும் லுஜைன் வீட்டுக்கு ஜாஹா போக வேண்டும். பெரியவர்கள் திரண்டு போய்ப் பெண் கேட்பது. எங்கள் கூட்டத் தலைவர் முன்னால் காப்பி வைப்பார்கள். பெண்ணைத் தருகிறோம் என்ற வார்த்தை வரும்வரை அவர் அதைத் தொடமாட்டார். அவள் அப்பா அபு ஷாஹிர் லேசில் மசிகிற ஆள் இல்லை. இரண்டு வருஷம் செருப்புத் தேய அலைந்து அவரை இதுவரை கொண்டுவந்திருந்தேன்.

எங்கள் பக்கத்து ஆட்கள் அறுபத்து மூன்று பேரின் பட்டியல் கோப்பில் இருந்தது. பெயர், தொலைபேசி எண், கடைசியில் மூத்த மகனை வைத்து அழைக்கும் பெயர். மதிப்பான ஆளை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். என் அப்பா ஊருக்கே அபு குதைபா, அதாவது குதைபாவின் தகப்பனார். குதைபா நான்தான். அந்தக் கடைசி நெடுவரிசையை மட்டும் வெட்டி முன்னால் ஒட்டி, ஆளுக்கொரு செய்தி அனுப்ப நினைத்தேன்.

பக்கத்து மேசை சுந்துஸ் தலையில் அடித்துக்கொண்டாள். நாலு வரி நிரல் எழுதிக்கொள், அரபி இருக்கிற கோப்பில் பெட்டி போட்டு வெட்டாதே என்றாள். நியாயம்தான். அரபி வலமிருந்து வரும், எண் இடமிருந்து போகும். இரண்டும் ஒரே வரியில் சேர்ந்தால் சுட்டி கண்ணுக்கு ஓரிடத்தில் தெரியும், உண்மையில் வேறெங்கோ நிற்கும். பத்து வருஷமாக இதே பிழைப்பு, எனக்குத் தெரியாதா? ஆல்ட்டை அழுத்தியபடி மவுஸை மேலிருந்து கீழே இழுத்தேன். அழகான நீலப் பெட்டி விழுந்தது. வெட்டினேன், ஒட்டினேன், அனுப்பியும் தொலைத்தேன்.

முதல் வரியில் நிற்பதாக நான் நினைத்த சுட்டி இரண்டாம் வரியில் நின்றிருக்கிறது. எல்லார் பெயரும் ஒரு வரி கீழே இறங்கிவிட்டது. கல்யாணமே ஆகாத நாயிஃப் சித்தப்பா யாரோ ஒரு பிள்ளைக்குத் தகப்பனாகியிருந்தார். கோப்பை ஒரு நொடியில் பழையபடி ஆக்கிவிட்டேன். போன செய்தியை என்ன செய்வது?

பிடிவாதமாகப் பட்டியலில் முதல் வரியைக் கேட்டு வாங்கியவர் அப்பா. அவருக்குப் போன அழைப்பில் பெயரே இல்லை. அடுத்த வரி ஹாயில் பாஷா, அப்பாவின் பெரியப்பா மகன், ராணுவத்தில் பெரிய பதவியில் இருந்தவர், எங்கள் ஜாஹாவின் தலைவர். அவருக்கு நாலும் பெண்கள். மகன் பெயர் சொல்லி அவரை யாரும் அழைத்ததில்லை. அந்த இடத்தை நானும் வெறுமையாகத்தான் விட்டிருந்தேன். இப்போது அங்கே அபு குதைபா வந்து உட்கார்ந்திருந்தது.

வீட்டில் அப்பா மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தார். "என் பேரைத் தூக்கி அண்ணனுக்குக் குடுத்துட்டே. பொண்ணு கேக்கவும் அவரையே கூட்டிட்டுப் போ." நீலப் பெட்டி, நழுவிய வரி என்று எவ்வளவோ விளக்கினேன். பெட்டியாம் நழுவுச்சாம் என்று எழுந்து போய்விட்டார்.

தப்பாக வந்த செய்தி என்று பாஷாவிடம் சொல்லிவிடலாமென்று போன் போட்டேன். அவர் மனைவிதான் எடுத்தார். பாஷா நாலு பெண்களுக்கும் அந்தச் செய்தியைப் படித்துக் காட்டினாராம், காலையிலிருந்து சீருடைக்குத் தானே இஸ்திரி போடுகிறாராம். அஞ்சு மணிக்கு வரச் சொல்லுங்க பெரியம்மா என்று வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அப்பா வந்தார். வந்து கடைசி நாற்காலியில், கதவோரம் உட்கார்ந்தார். பாஷா முன்னால் காப்பி வந்தது. மார்பு நிறைய பதக்கங்களோடு அவர் எழுந்தார்.

"என் மகன் குதைபாவுக்கு உங்க பொண்ணைக் கேட்டு வந்திருக்கோம்," என்றார். மகன் என்ற இடத்தில் குரல் தழுதழுத்தது.

கூடத்தில் சலசலப்பு. அபு ஷாஹிர் பாஷாவைப் பார்த்தார், கதவோரம் அப்பாவைப் பார்த்தார். "மாப்பிள்ளைக்கு எத்தனை அப்பா?"

காப்பி ஆறிக்கொண்டிருந்தது. அப்பா பாஷாவின் இஸ்திரி மடிப்புக் கலையாத சீருடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து முன்னால் வந்து அவர் பக்கத்தில் நின்றார்.

"ரெண்டுங்க," என்றார். "இவனை ஒருத்தனால கட்டி மேய்க்க முடியாது."

முதலில் சிரித்தது அபு ஷாஹிர்தான். சிரித்து முடித்து, காப்பியைக் காட்டினார்.

"குடிங்க, அபு குதைபா."

இரண்டு பேரும் கை நீட்டினார்கள்.