ராமாயிக்குக் கல் நட்ட நாள்

அந்த வருஷம் ஆடி முடிந்தும் கச்சான் என்கிற வறண்ட மேல்காற்று ஓயவில்லை. தெமோதரைக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத்தில் தண்ணீர்ப் பீலி வற்றி, மூங்கில் குழாய்க்குள் பல்லி குடியேறிவிட்டது. ஆண்கள் கீழாற்றுக்குப் போய்த் தகரத்தில் தண்ணீர் தூக்கி வந்தார்கள். ஒரு கை நீரைச் சிந்தினாலும் வீட்டுக்கு வீடு சண்டை. அப்படிப்பட்ட காலத்தில், பட்டப்பகலில், தொழிலாளர் வரிசை வீடுகளான மேட்டு லயத்தின் இஸ்தோப்புத் திண்ணையில் ஈரத் தடம் கிடந்தால் யார்தான் அதை மிதித்துத் தாண்டுவார்?

பெண்ணின் பாதம். மலைப்பக்கமிருந்து ஒவ்வொன்றாக வந்து, மூன்றாவது காம்பரா வீட்டின் வாசற்படியில் முடிந்திருந்தது. திரும்பிப் போன தடம் இல்லை.

அந்தக் காம்பராவில் சின்னராசாவும் அவன் மனைவி காத்தாயியும் இருந்தார்கள். காத்தாயிக்கு ஏழாம் மாதம், தலைச்சன். மாமியார் பெரியாயி குனிந்து தடத்தைப் பார்த்தாள். தொடவில்லை.

"ராமாயிதான், வேற யாரு? போன ஆடியில வயித்துப் புள்ளயோட போனவ. அவளுக்கு ஒரு கல்லு நட்டமா நாம?"

வயிற்றுச் சுமையோடு செத்தவளுக்குப் பாதையோரம் சுமைதாங்கிக் கல் நட வேண்டும். வழிப்போக்கர்கள் அதில் தலைப்பாரத்தை இறக்கி வைக்க வைக்க, செத்தவளின் பாரமும் இறங்கும். கப்பலேறி வந்தபோதே கூட வந்த வழக்கம் அது. ஆனால் தோட்டத்துரை, என் தேயிலைக்குள் உங்கள் கல் எதற்கு என்று விரட்டிவிட்டார். ராமாயியின் புருஷன் மாரிசாமி பங்களா வாசலில் நின்று கெஞ்சிப் பார்த்தான். அதற்குப் பிறகு அவன் யாரோடும் அதிகம் பேசுவதில்லை. இறக்கி வைக்க இடம் கிடைக்காதவள் இன்னொரு பிள்ளைத்தாய்ச்சியைத் தேடி வருவாள் என்று லயமே சொன்னது.

காத்தாயி பயந்து செத்தாள். போதாக்குறைக்கு யாரிடமும் சொல்லாத வெட்கம் ஒன்றும் அவளுக்கு இருந்தது. கொழுந்தெடுக்கும்போது சேலை கசிந்து நனைந்துகொண்டே இருந்தது. பிள்ளை மூத்திரப்பையை அழுத்துகிறது போலும் என்று இடுப்பில் சுற்றியிருந்த சாக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். மாமியாரிடம் சொல்லும் சங்கதியா அது? நடக்கும்போது பின்னால் திரும்பிப் பார்க்கவும் இல்லை. பிள்ளைத்தாய்ச்சி திரும்பிப் பார்த்தால், பின்தொடர்கிறவளுக்கு முகம் கொடுத்தது ஆகிவிடும் என்று பெரியாயி முதலிலேயே சொல்லி வைத்திருந்தாள்.

மறுநாளும் தடம் வந்தது. மூன்றாம் நாள் துரை கொழும்புக்குப் போனார். இதுதான் சமயம் என்று ஆண்கள் கல்லைத் தூக்கிக்கொண்டு ரோடு வளையும் முடக்குக்குப் போனார்கள். பெரியாயி வாசற்படியில் சாம்பலால் கோடு இழுத்து, நிலையில் வேப்பிலை செருகி, மருமகளை உள்ளே உட்கார வைத்தாள்.

"கல்லு நிக்கிற வரைக்கும் கோட்டத் தாண்டாத, புள்ள." பிறகு லயம் முழுக்கக் கேட்கச் சொன்னாள்: "பொம்பளக் குரல் கூப்புட்டா யாரும் பதில் குடுக்காதீங்க. யாரு குரலா இருந்தாலும் சரி!"

பெரியாயி பக்கத்துக் காம்பராவுக்குப் போய்விட, கதவடைத்த காம்பராவில் காத்தாயி தனியாக இருந்தாள். தகரக்கூரையின் ஓட்டை வழியாக ஒரு கீற்று வெயில் மண்தரையில் விழுந்தது. அடுப்படிக்குப் போய் வந்து பாயருகே நின்றவள், அந்தக் கீற்றுக்குள் தடத்தைப் பார்த்தாள். அடுப்படியிலிருந்து பாய் வரைக்கும் ஈரம். ராமாயி உள்ளே வந்துவிட்டாள்!

காத்தாயி அலறினாள். பக்கத்துக் காம்பராக்களில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும் சத்தம்தான் கேட்டது.

அலறிய அலறலில் வயிறு கல்லாய் இறுகியது. தொடையில் வெதுவெதுப்பாக வழிந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குதிகாலைச் சுற்றி மண் கறுத்தது. காலை எடுத்தாள். தடம் இருந்தது. பழைய தடத்தில் காலை வைத்துப் பார்த்தாள். விரல் விரலாகப் பொருந்தியது.

சேலையை முகர்ந்தாள். மூத்திர வாடை துளியும் இல்லை. பிள்ளை மிதக்கிற தண்ணீர் அல்லவா இத்தனை நாள் வழியெல்லாம் சிந்தியிருக்கிறது! பேயென்றால் வேப்பிலை போதும், இதற்கு என்ன போதும்? உடம்பு வேறு கொதித்தது. அவள் சாம்பல் கோட்டை மிதித்துத் தாண்டினாள்.

முடக்கில் அப்போதுதான் கல்லை நிறுத்திக் கற்பூரம் ஏற்றியிருந்தார்கள். பொழுது சாயும் நேரம், கண்ணை மறைக்கும் செம்மண் புழுதி. அதற்குள்ளிருந்து தலைவிரி கோலமாக, வயிற்றைத் தாங்கிக்கொண்டு, சொட்டச் சொட்ட ஒருத்தி வந்தாள்.

"ஐயோ, வந்துட்டா!"

"ஏங்க, நான்தாங்க!" என்று காத்தாயி கத்தினாள். முதலில் ஓடியவன் சின்னராசா. அவனைக் குறை சொல்லி என்ன செய்ய, பேயைக் கண்ட காலுக்குத் தாலி கட்டினது ஞாபகம் இருக்குமா?

ஒருவன் மட்டும் ஓடவில்லை. மாரிசாமி அவளை நோக்கி நடந்து வந்தான். ஒரு வருஷமாகச் சிரிக்காத முகம் சிரித்தது.

"வந்துட்டியா, ராமாயி? இந்தா பாரு, கல்லு நட்டாச்சு."

காத்தாயி ஓர் அடி பின்வாங்கினாள். நான் ராமாயி இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் இவனும் விட்டுவிட்டுப் போய்விட்டால்?

"ஆமாங்க," என்றாள். "என்னைய பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

அவன் அவளை அள்ளித் தூக்கிக்கொண்டான். ரோட்டில் வந்த உருளைக்கிழங்கு லாரியை மறித்து, மூட்டைகளின் மேல் கிடத்தி, கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"போன தடவையும் இப்படித்தான் கசிஞ்சுச்சு. நீ வெக்கப்பட்டுச் சொல்லல. நானும் கேக்கல. வலிக்குதா, ராமாயி?"

"ம்ம்."

"குளுருதா, ராமாயி?"

"ம்ம்."

வழி நெடுகக் கேட்டுக்கொண்டே வந்தான். ஹாலிஎல ஊரைத் தாண்டி ஒருமுறை, காத்தாயி வாயைத் திறப்பதற்கு முன்பே "ம்ம்" என்று கேட்டது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் மர்லியா என்ற நர்ஸ் ஓடி வந்து கட்டிலில் கிடத்தினாள். "எப்ப இருந்து தண்ணி போகுது?"

மாரிசாமி முந்திக்கொண்டான். "போன ஆடியிலேருந்துங்க, மிஸ்ஸி."

நர்ஸ் நிமிர்ந்தாள். "சரியாச் சொல்லுங்க. காய்ச்சலும் அடிக்குது. நேரம் தெரியாம டொக்டர் என்னத்தச் செய்யிற?"

மாரிசாமியின் பிடி காத்தாயியின் கையில் அப்படியே இருந்தது. அந்தச் சிரிப்பும் முகத்தில் இருந்தது. உண்மையைச் சொன்னால் ராமாயியை அவன் கண்ணெதிரே இன்னொருமுறை குழியில் வைத்தது போலாகும். ஆனால் உள்ளே பிள்ளை மெல்லப் புரண்டது.

"முந்தாநாத்துக் காலையிலேருந்து, மிஸ்ஸி. என் பேரு காத்தாயி. சின்னராசா பொஞ்சாதி."

மாரிசாமி அவள் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு அணைந்தது. கையை எடுக்கப் போனவன், எடுக்கவில்லை.

"அது சொல்றதுதான் சரிங்க," என்றான். "வெரசாப் பாருங்க. என் பொண்டாட்டி சொல்லாமத்தான் செத்துப் போனா."

விடிகிற நேரம் பெண் குழந்தை பிறந்தது. கோழிக்குஞ்சு அளவுதான், ஆனால் அழுதது. வெளியே விறாந்தையில் குந்தியிருந்த மாரிசாமிக்கு அந்தச் சத்தம் கேட்டது. ராமாயியைப் புதைத்த அன்றும் அழாதவன், அங்கேதான் வாய்விட்டு அழுதான்.